தவறாக எழுதியதையும் அழிக்காமல் விட்ட ஒரு பழமைவாதி: அன்ட்ரூ சலிவன் பற்றிப் பேசலாமா?

கொட்டகலைக்காரன் (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொண்டு வாசியுங்கள்.

மூன்று மாதமாக ஒரே ஆளின் பழைய எழுத்துகளை வாசித்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் பக்கம் சிக்னல் ஒழுங்காகக் கிடைப்பது கோயிலுக்குப் பின்னால் உள்ள தண்ணீர்த் தொட்டியடியில்தான். பனி கொட்டினாலும் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு அங்கே போய், நாலைந்து பக்கங்களைத் திறந்து வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து வாசிப்பேன்.

அவர் பெயர் அன்ட்ரூ சலிவன். 1963இல் இங்கிலாந்தில் பிறந்தவர். கத்தோலிக்கர், தாட்சர் அம்மையாரின் ரசிகர், தன்பால் ஈர்ப்பாளர். இந்த மூன்றும் ஒரே ஆளிடம் எப்படி என்று நீங்கள் கேட்பது புரிகிறது, எனக்கும் அங்கேதான் ஆர்வம் பிடித்தது. ஒக்ஸ்போர்டில் படித்துவிட்டு 1984இல் ஹார்வர்டுக்குப் போனார். மைக்கல் ஓக்‌ஷொட் என்ற பழமைவாதத் தத்துவ அறிஞரைப் பற்றி ஆய்வு செய்து டொக்டர் பட்டம் வாங்கினார். 1991இல், 28 வயதில், அமெரிக்காவின் 'நியூ ரிபப்ளிக்' சஞ்சிகைக்கு ஆசிரியர். 1996 வரை அந்தக் கதிரையில் இருந்தார்.

எனக்கு முக்கியம் அதற்குப் பிந்திய கதை. 2000ஆம் ஆண்டு சொந்தமாக ஒரு வலைப்பூ தொடங்கினார். அரசியல் எழுதும் பெரிய ஆட்கள் அப்போது அந்தப் பக்கமே வரவில்லை. இவர் ஒரு நாளைக்குப் பல தடவை எழுதினார், சனி ஞாயிறும் விடவில்லை. வாசகர்களே காசு அனுப்பினார்கள். பிறகு 2006இல் 'டைம்', 2007இல் 'அட்லாண்டிக்', 2011இல் 'டெய்லி பீஸ்ட்' என்று பெரிய நிறுவனங்கள் அந்த வலைப்பூவைத் தங்கள் கூரைக்குள் எடுத்துக்கொண்டன. 2013இல் எல்லாவற்றையும் விட்டு வெளியே வந்து, விளம்பரமே இல்லாமல் வருடச் சந்தா 19.99 டொலர் என்று அறிவித்தார். முதல் 24 மணி நேரத்திலேயே மூன்று லட்சம் டொலருக்கு மேல் சேர்ந்தது.

அந்த மனிதர் 2003இல் ஈராக் போரை மூச்சுப் பிடித்து ஆதரித்தவர். எதிர்த்தவர்களைத் திட்டியவர். பிறகு, ஈராக்கின் அபூ கிரைப் சிறையில் அமெரிக்கப் படையினர் செய்த சித்திரவதைகள் வெளியே வந்ததும், 'நான் பிழை விட்டேன்' என்று எழுதினார். ஒரு தடவை எழுதிவிட்டு ஓயவில்லை. அந்தக் காலத்தில் நாளுக்கு நாள் தான் எழுதியதையெல்லாம் அப்படியே தொகுத்து மின்னூலாகவே விட்டார். எந்தத் திகதியில் என்ன பிழை விட்டார் என்று யாரும் பார்க்கலாம்.

நம்முடைய இலங்கை மலையகத்தில், இந்தத் தேயிலைத் தோட்டப் பக்கத்தில், அரசியல் எழுதுகிற, யூடியூப்பில் பேசுகிற இத்தனை பேர் இருக்கிறோம். இப்படிச் செய்த ஒருவரைக் காட்டுங்கள் பார்க்கலாம். யாரையும் குத்துவதற்காகக் கேட்கவில்லை. எனக்கு உண்மையாகவே தெரிய வேண்டியிருக்கிறது.

தேயிலைத்தூள் (பண்டாரவளை)

தம்பி, நன்றாக எழுதியிருக்கிறாய். ஆனால் 'பழமைவாதி' என்ற சொல்லை வாசித்ததுமே எனக்கு வயிறு எரிகிறது. மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

1947 தேர்தலில், இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்த நம் ஆட்களின் கட்சியான இலங்கை இந்தியன் காங்கிரஸ் 7 ஆசனம் எடுத்தது. அடுத்த வருடமே, 1948இல், பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. யார் கொண்டுவந்தது? மரபு, ஒழுங்கு, நாட்டின் பழைய கட்டுக்கோப்பு என்று பேசிய கனவான்கள்தான். ஒரு கையெழுத்தில் நம் பாட்டன் பூட்டன் எல்லாம் நாடற்றவர்கள். 1952 தேர்தலில் நமக்கு ஒரு ஆசனமும் இல்லை.

பழமைவாதம் என்றால் இருப்பதைக் காப்பாற்றுவது. சரி, மலையகத்தில் நாம் எதைக் காப்பாற்றுவது? பத்துக்குப் பன்னிரண்டு அடி லயத்துக் காம்பராவையா? இஸ்தோப்பில், அதுதான் வாசல் திண்ணையில், அடுப்பு வைத்து, ஒரு பீலித் தண்ணீருக்கு இருபது குடும்பம் வரிசையில் நின்றதையா? காப்பாற்ற ஏதாவது இருக்கிறவன் பழமைவாதியாகட்டும். நமக்கு எல்லாமே இனிமேல்தான் வர வேண்டும்.

அந்த வெள்ளைக்காரர் மன்னிப்புக் கேட்டது நல்லதுதான். ஆனால் ஈராக்கில் செத்தவன் செத்தவன்தானே.

பேராதனைப் பையன்

தேயிலைத்தூள் அண்ணே, நான் அரசறிவியல் படிக்கிறேன். 1948 பற்றி நீங்கள் சொன்னதில் ஒரு எழுத்தைக்கூட மறுக்க மாட்டேன். ஆனால் ஓக்‌ஷொட், சலிவன் இருவரும் சொல்கிற பழமைவாதம் கனவான்களின் கட்டுக்கோப்பு இல்லை. அது ஒரு சந்தேகம். மேசைக்கு முன்னால் உட்கார்ந்து போடுகிற பெரிய திட்டத்தின் மேல் சந்தேகம். புத்தகத்தில் அழகாக இருப்பது மண்ணில் எப்படி வேலை செய்யும் என்று யாருக்கும் முழுக்கத் தெரியாது, அதனால் மெல்லப் போ, செய்து பார்த்துப் போ என்பதுதான் அதன் சாரம்.

அப்படிப் பார்த்தால் அந்தச் சந்தேகத்துக்கு நம்மைவிட அதிகக் காரணம் உள்ளவர்கள் யார் அண்ணே?

1972 காணிச் சீர்திருத்தச் சட்டம், 1975இல் கம்பனித் தோட்டங்களும் அரசுக்கு. படித்தால் முற்போக்கான சட்டம். தோட்டத்தில் என்ன நடந்தது? 73, 74இல் தோட்டங்களில் பட்டினிச் சாவு. எத்தனை குடும்பங்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு வவுனியாப் பக்கம் இறங்கின! 1977இல் தோட்டக் காணியைப் பிரிப்பதற்கு எதிராகப் போன ஊர்வலத்தில் டெவன் தோட்டத்துச் சிவனு லெட்சுமணன் சுடப்பட்டார். கொட்டகலை அண்ணனுக்கு டெவன் பக்கத்து ஊர்தான்.

இன்னும் கிட்டத்தில் வாருங்கள். 2021 மே. ஒரே வர்த்தமானியில், அதாவது அரசிதழ் அறிவித்தலில், நாடு முழுக்க இரசாயன உர இறக்குமதிக்குத் தடை. நவம்பரில் எடுத்துவிட்டார்கள், ஆனால் அதற்குள் செடிக்கு நடந்தது நடந்துவிட்டது. 2021இல் ஏறக்குறைய 30 கோடி கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி 2022இல் 25 கோடி கிலோ அளவுக்கு விழுந்தது. ஒரு போகம் ஓரிரு மாவட்டத்தில் செய்து பார்த்திருந்தால் போதுமே. 'மெல்லப் போ' என்று சொல்ல ஒரு பழமைவாதி அன்று நமக்குத் தேவைப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

தேயிலைத்தூள்

உரத் தடை விசயத்தில் நீ சொல்வது சரி. அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது.

72ஐ நான் ஏற்க மாட்டேன். காணியைப் பங்கிட்டது பிழையில்லை, பங்கிட்டபோது தோட்டத்தில் நாலு தலைமுறையாக வேர்வை சிந்தினவனைக் கணக்கிலேயே எடுக்காததுதான் பிழை. அவசரம் அதற்குக் காரணமில்லை. நம்மை மனிதனாகப் பார்க்காததுதான் காரணம். மெல்லச் செய்திருந்தால் மெல்லப் பட்டினி கிடந்திருப்போம், அவ்வளவுதான்.

நாவலப்பிட்டி டீச்சர்

பிள்ளைகளே, உங்கள் மூன்று பேருடைய எழுத்தையும் வாசித்தேன். சந்தோசமாக இருக்கிறது. ஆனால் இந்த மனிதரைப் பற்றி யாரும் சொல்லாத ஒன்று இருக்கிறது. நான் சொல்லாமல் விட்டால் என் மனம் ஆறாது.

1994இல் இவர் ஆசிரியராக இருந்த அந்தச் சஞ்சிகையில்தான், இனத்துக்கும் அறிவுத்திறனுக்கும் முடிச்சுப் போட்ட ஒரு நூலின் சாரத்தைப் பெரிதாகப் போட்டார்கள். கறுப்பின மக்களின் அறிவுத்திறன் பற்றியது. அலுவலகத்துக்குள்ளேயே பெரிய எதிர்ப்பு வந்தது, எதிர்த்து எழுதியவர்களின் கட்டுரைகளையும் அதே இதழில் போட்டார் என்பது உண்மை. ஆனால் போட்டது பிழை என்று அவர் இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை. விவாதத்துக்கு வைத்தேன், அவ்வளவுதான் என்கிறார்.

இது எனக்கு ஏன் சுடுகிறது என்று சொல்கிறேன்.

நான் 31 வருடம் தோட்டத்துப் பள்ளிக்கூடங்களில் படிப்பித்தவள். ஆரம்ப காலத்தில் ஒருநாள் மேற்பார்வைக்கு ஒரு அதிகாரி வந்தார். ஆசிரியர் அறையில் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு, 'தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கணக்கு மண்டையில் ஏறாது டீச்சர், எழுத வாசிக்கப் பழக்கினால் போதும்' என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அன்பாகத்தான் சொன்னார். என் கஷ்டத்தைக் குறைக்கிறாராம்.

அந்த நேரம் என் வகுப்பில் ஒரு பிள்ளை இருந்தாள். மேல் டிவிசனிலிருந்து நாலு கட்டை நடந்து வருவாள். மழைக்காலத்தில் அவள் வந்து உட்கார்ந்ததும் நான் முதலில் பார்ப்பது அவள் காலுறையைத்தான். வெள்ளைக் காலுறை முழுக்கச் சிவப்புப் பொட்டு. அட்டைக் கடி. உப்புத் துணியால் தேய்த்துவிட்டுக்கொண்டே வாய்ப்பாடு கேட்பேன். பதின்மூன்றாம் வாய்ப்பாட்டை நிற்காமல் சொல்வாள். அவள் இன்று ஆஸ்பத்திரி ஒன்றில் தாதி. மருந்தின் அளவைக் கணக்குப் பார்த்துத்தான் தினமும் ஊசி ஏற்றுகிறாள்.

ஒரு மக்கள் கூட்டத்துக்கே மூளை இருக்கிறதா என்று 'விவாதத்துக்கு வைப்பது' என்றால் என்ன என்று, அந்த விவாதப் பொருளாக இருந்தவர்களுக்குத்தான் தெரியும். ஈராக்குக்கு மன்னிப்புக் கேட்டவர் இதற்குக் கேட்கவில்லை. பிழையை ஒத்துக்கொள்ளும் ஆள் என்று இவரைத் தலையில் தூக்கி வைப்பதற்கு முன் இதையும் எழுதி வையுங்கள்.

கொட்டகலைக்காரன்

டீச்சர், இதை நான் முதல் பதிவிலேயே எழுதியிருக்க வேண்டும். எனக்குத் தெரிந்திருந்தும் விட்டுவிட்டேன். எழுதினால் நான் சொல்ல வந்தது பலவீனப்படும் என்று நினைத்தேன், அதுதான் உண்மை. மன்னித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். 2001 செப்டெம்பர் தாக்குதல் நடந்த அதே வாரத்தில், அமெரிக்க இடதுசாரிகளில் ஒரு பகுதியினர் உள்ளிருந்தே நாட்டைக் காட்டிக்கொடுக்கும் கூட்டமாக மாறலாம் என்ற மாதிரி எழுதினார். அந்த வரி இன்றுவரை அவரைத் துரத்துகிறது. இந்த நாட்டில் 'துரோகி' என்ற சொல் என்னென்ன செய்தது என்று பார்த்த நமக்கு அதன் பாரம் தெரியும்.

ஆனாலும் ஒரு விசயம் இருக்கிறது. அவருடைய பக்கத்தில் வாசகர் கருத்துப் பெட்டி கிடையாது. பதிலுக்கு, தன்னை எதிர்த்து வரும் கடிதங்களில் பலமானதாகத் தேடி எடுத்து அவரே தன் பக்கத்தில் போடுவார். சில கடிதங்களை வாசித்தால் அவருடைய வாதமே உடைந்து கிடக்கும். அதைத் தன் கையாலேயே போட்டிருக்கிறார். 2000 ஜனாதிபதித் தேர்தலில் பழமைவாதிகளின் பக்கத்துப் புஷ்ஷை ஆதரித்தவர் 2004இல் எதிர்த்தரப்புக் கெரிக்கு ஆதரவு, 2008இல் அதே தரப்பு ஒபாமாவுக்கு. பழமைவாதிகள் பலர் அவரைத் தங்கள் ஆள் இல்லை என்றே தள்ளிவிட்டார்கள்.

டோஹாவில் லிந்துலை

நைட் ஷிப்ட் முடிந்து இப்போதுதான் கேம்புக்கு வந்தேன். பஸ்ஸில் இருந்தே எல்லாம் வாசித்துவிட்டேன். அரசியல் அவ்வளவு தெரியாது. ஆனால் அந்த மனிதரைப் பற்றித் தேடிப் பார்த்தபோது ஒரு இடத்தில் அப்படியே நின்றுவிட்டேன்.

84இல் அமெரிக்கா போனவருக்குப் பிரஜாவுரிமை கிடைத்தது 2016இல். 32 வருடம்! ஹார்வர்ட் படிப்பு, பெரிய பத்திரிகை ஆசிரியர், ஜனாதிபதித் தேர்தலில் யாருக்குப் போடலாம் என்று ஊருக்கே சொல்கிறவர். ஆனால் அவருக்கு மட்டும் வாக்கு இல்லை. காரணம் என்ன தெரியுமா? 1993இல் அவருக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரியவந்தது. அந்தக் கிருமி உள்ள வெளிநாட்டவர் அங்கே நிரந்தரமாகக் குடியேற முடியாது என்று சட்டம் இருந்தது. 2010 ஜனவரியில்தான் அந்தத் தடையை எடுத்தார்கள். அதுவரை எந்த நேரமும் வெளியே போ என்று சொல்லலாம் என்ற பயத்தோடுதான் எழுதிக்கொண்டிருந்திருக்கிறார்.

என் தாத்தா செத்தது 1981இல். சாகும்வரை அவர் கையில் எந்த நாட்டுக் கடதாசியும் இல்லை. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று தலையை எண்ணிப் பிரித்தார்களே, அதில் அவருடைய தம்பி குடும்பம் அந்தப் பக்கம் போனது. ஒப்பாரிக் கோச்சியில், அதுதான் எல்லோரும் அழுதுகொண்டு போன அந்த ரயிலில், ஏற்றிவிட்டு வந்து மூன்று நாள் சாப்பிடவில்லை என்று அப்பாயி சொல்லும். அவர் பேப்பர் வாசிப்பார். ஒரு வரி விடாமல் வாசிப்பார். தனக்கு வாக்கில்லாத தேர்தலில் யார் வெல்வார் என்று லயத்து ஆட்களுக்கு விளக்கம் சொல்வார். நமக்கெல்லாம் மிச்சம் மீதியில்லாமல் பிரஜாவுரிமை என்று சட்டம் வந்தது 2003இல்.

அவர் பழமைவாதியோ என்னவோ. வாக்கு இல்லாமல் அரசியல் பேசுகிறவனின் மனம் எனக்குத் தெரியும்.

பேராதனைப் பையன்

அண்ணே, உங்கள் பதிவை அறையில் நண்பர்களுக்கு வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

இதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். தன்பால் ஈர்ப்பாளருக்குத் திருமண உரிமை வேண்டும் என்று அவர் 1989இலேயே எழுதினார். அப்போது இடதுசாரிகள் பலரே அதை ஏற்கவில்லை, அவர்களுக்குத் திருமணமே பழைய ஏற்பாடு. இவர் திருமணத்தை மதிப்பதால்தான் கேட்டார். குடும்பம், பொறுப்பு, நிலையான வாழ்வு, இதெல்லாம் நல்லது என்றால் எங்களையும் அதற்குள் விடுங்கள் என்பது வாதம். அமெரிக்க உயர் நீதிமன்றம் அதை நாடு முழுக்க ஏற்றது 2015 ஜூனில். 26 வருடம்.

தேயிலைத்தூள் அண்ணே, காப்பாற்ற என்ன இருக்கிறது என்று கேட்டீர்கள். உள்ளே விடு என்று கேட்பதற்கும் அந்தச் சிந்தனையில் வழி இருக்கிறது என்று காட்டத்தான் இதைச் சொன்னேன். இருநூறு வருடம் வாழ்ந்த மண், கட்டிய கோயில், காமன் கூத்து, நம் பேச்சு, இதெல்லாம் காப்பாற்ற வேண்டியதில்லையா?

தேயிலைத்தூள்

காமன் கூத்தைச் சொல்லி வாயடைத்துவிட்டாய் தம்பி. நானே ரதிக்கு வேசம் கட்டினவன்.

சரி, இப்போது காசு விசயத்துக்கு வருவோம், ஏனென்றால் எல்லாமே அங்கேதான் நிற்கிறது. வாசகன் காசு கொடுத்தான், அதனால் அவர் யாருக்கும் பயப்படவில்லை. நல்லது. 19.99 டொலர் என்றால் 2024இல் ஏறக்குறைய 6000 ரூபா. அந்த வருடம் செப்டெம்பர் வர்த்தமானிப்படி நம் ஆளின் நாள் சம்பளம் 1350 ஆக இருந்தது. நாலரை நாள் கொழுந்து. அதுவும் முழுப்பேர், அதாவது முழு நாள் சம்பளம், விழுந்தால். கொழுந்து குறைந்து அரைப்பேர் போட்டால் ஒன்பது நாள். அரசியல் கட்டுரை வாசிக்க ஒன்பது நாள் மலையேறுவானா?

அதனால்தான் இங்கே எழுதுகிறவனுக்குப் பின்னால் எப்போதும் ஒரு தொழிற்சங்கம் இருக்கிறது, அல்லது ஒரு கட்சி, அல்லது கொழும்பில் ஒரு முதலாளி. சங்கச் சந்தாவைச் சம்பளத்திலேயே பிடித்துக்கொடுக்கிற ஏற்பாடு இருக்கிறதே, அதனால் சங்கங்கள் நின்றன, ஆனால் எழுத்தும் அதற்குள்ளேயே நின்றுவிட்டது. நான் சங்கத்து வீட்டில் வளர்ந்தவன், உள்ளிருந்து சொல்கிறேன். சங்கம் இல்லாவிட்டால் தொரைமார் நம்மை மிதித்திருப்பார்கள். அதே சங்கத்தின் பேப்பரில் சம்பள ஒப்பந்தத்தைக் கேள்வி கேட்டு ஒரு வரி வந்ததில்லை.

நடேசய்யரைப் பாருங்கள். புடவை வியாபாரி வேசம் போட்டுத் தோட்டத்துக்குள் போனவர். 1924இல் 'தேசபக்தன்', 1931இல் ஹட்டனில் தொழிற்சங்கம், 1936இலிருந்து அரசாங்க சபையில் ஹட்டன் பிரதிநிதி. பத்திரிகை, சங்கம், சபை மூன்றும் ஒரே ஆள். அவருடைய மனைவி மீனாட்சி அம்மாள் தோட்டம் தோட்டமாகப் பாட்டுப் பாடி, வாசிக்கத் தெரியாதவனுக்கும் விசயத்தைக் கொண்டுபோனார். ஆனால் சங்கத் தலைவரே பத்திரிகை ஆசிரியராகவும் இருக்கிற வழக்கமும் அங்கிருந்துதான் நமக்கு வந்தது. அவரிடம் அது பலம். பின்னால் வந்தவர்களிடம் அதுவே நோயாகிவிட்டது.

டோஹாவில் லிந்துலை

காசு நாங்கள் தரலாமே அண்ணே. இந்தக் கேம்பில் மட்டும் மலையகத்து ஆட்கள் பதினான்கு பேர். மாதம் ஆளுக்கு 500 ரூபா பெரிய காசில்லை. ஆனால் கேட்கிறவன் யாருடைய ஆள் என்று தெரியாமல் எப்படிக் கொடுப்பது? அதுதான் பிரச்சினை.

நாவலப்பிட்டி டீச்சர்

அவர் 2015இல் அந்த வேலையை ஏன் விட்டார் என்றும் யாராவது எழுதுங்கள். இப்போது போனைக் கையை விட்டு வைக்காமல் அரசியல் எழுதும் பிள்ளைகளுக்கு அது தெரிய வேண்டும்.

பேராதனைப் பையன்

உடம்பு விட்டுவிட்டது டீச்சர். 15 வருடம் கிட்டத்தட்ட ஒவ்வொரு நாளும். ஒரே வருடத்தில் நாலு தடவை மார்புச் சளி நோய். எச்.ஐ.வியில் தப்பியது இணையத்தில் சாவதற்கா என்று அவருடைய டொக்டரே கேட்டாராம். 2015 பெப்ரவரியில் நிறுத்தினார். பிறகு போனையெல்லாம் ஒப்படைத்துவிட்டு ஒரு தியான நிலையத்தில் பேசாமல் இருந்த அனுபவத்தை 2016இல் நீண்ட கட்டுரையாக எழுதினார். 2020 ஜூலையில் 'நியூ யோர்க்' சஞ்சிகையை விட்டு வெளியேறி, பழைய வலைப்பூவை வாரத்துக்கு ஒரு தடவை வரும் சந்தா மடலாகத் திரும்பத் தொடங்கினார். இப்போது அளவோடு எழுதுகிறார்.

நாவலப்பிட்டி டீச்சர்

நன்றி மகன். கொட்டகலைத் தம்பி, உங்களிடம் நேராகவே கேட்கிறேன். மூன்று மாதம் பனியில் நின்று வாசிக்க வைத்தது வெறும் ஆர்வம் மாதிரித் தெரியவில்லை. என்ன நடந்தது?

கொட்டகலைக்காரன்

இரண்டு நாள் பதில் எழுதவில்லை, மன்னிக்கவும். எழுதி எழுதி அழித்தேன்.

2021 மே மாதம் என் முகநூல் பக்கத்தில் அந்த உரத் தடையை ஆதரித்து ஒரு பதிவு போட்டேன். நன்றாக ஓடியது. 900 பேருக்கு மேல் பகிர்ந்தார்கள். இரசாயனம் நம் பெண்களின் கையையும் நுரையீரலையும் தின்கிறது, இனி மண் மூச்சு விடும் என்று எழுதினேன். அதில் பாதி உண்மையும் இருந்தது. மருந்து அடிக்கிற ஆட்களின் இருமலைக் கேட்டு வளர்ந்தவன் நான். ஆனால் செடிக்கு என்ன ஆகும், கொழுந்து குறைந்தால் பேர் என்ன ஆகும் என்று ஒரு கங்காணியிடம்கூடக் கேட்கவில்லை. அறையில் உட்கார்ந்து எழுதினேன்.

அம்மா கொழுந்து எடுக்கிறவர். அடுத்த வருடம் ஒருநாள் பின்னேரம் கூடையை இறக்கிவிட்டு உள்ளங்கையை விரித்துக் காட்டினார். நாலைந்து கொழுந்து. நுனி சுருங்கி, இலை வெளிறி மஞ்சளாக, தொட்டால் தடித்துக் கிடந்தது. "மலை முழுக்க வங்கி இலைதான், மூன்று மணி வரைக்கும் எடுத்தும் எட்டுக் கிலோ தேறல" என்றார். வங்கி என்றால் வளராமல் நின்றுபோன கொழுந்து. அன்றைக்கு அரைப்பேர். அந்த வாரத்தில் நாலு அரைப்பேர். என்னைக் குறை சொல்லவில்லை. நான் எழுதியது அவருக்குத் தெரியவே தெரியாது.

அன்று இரவு அந்தப் பதிவை அழித்தேன். யாருக்கும் எதுவும் சொல்லவில்லை. அடுத்த வாரமே உரத் தடையைத் திட்டி, ஆரம்பத்திலிருந்தே எதிர்த்தவன் மாதிரி ஒரு பதிவு போட்டேன். அதுவும் நன்றாக ஓடியது.

சலிவனைப் பற்றித் தற்செயலாகத்தான் வாசித்தேன். தன் பிழையைத் திகதி போட்டு வைத்த ஒரு ஆள் என்றதும் விடமுடியவில்லை. டீச்சர் சொன்னது சரி, அவர் எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டவர் இல்லை. நான் ஒன்றைக்கூட ஒத்துக்கொள்ளவில்லை. இழையைத் தொடங்கியபோது இதைச் சொல்லும் எண்ணமும் இருக்கவில்லை.

தேயிலைத்தூள்

தம்பி, நானும் அந்தப் பதிவைப் பகிர்ந்தவன். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நானும் பேசாமல் எடுத்துவிட்டேன்.

டோஹாவில் லிந்துலை

என்னிடம் அதன் ஸ்கிரீன்ஷொட் இருக்கிறது அண்ணே. அந்த நேரம் நன்றாக இருக்கிறது என்று சேமித்து வைத்தேன். அம்மாவுக்கு அனுப்பி, நம் தோட்டத்துக்கு நல்ல காலம் வருகிறது என்று சொல்லியிருந்தேன். வேண்டும் என்றால் அனுப்புகிறேன்.

கொட்டகலைக்காரன்

அனுப்புங்கள்.

கொட்டகலைக்காரன்

போட்டுவிட்டேன். அதே பக்கத்தில், அதே சொற்கள், ஒரு எழுத்து மாற்றவில்லை. மேலே 2021 மே என்று திகதி. கீழே என்ன பிழை, யாரிடம் கேட்டிருக்க வேண்டும், கேட்காததால் எங்கள் டிவிசனில் என்ன நடந்தது, அழித்துவிட்டு மாற்றி எழுதியது எப்போது, எல்லாம் எழுதியிருக்கிறேன். மருந்தடிக்கிறவர்களின் இருமலைப் பற்றி எழுதியது இப்போதும் சரி என்றுதான் நினைக்கிறேன், அதையும் சொல்லியிருக்கிறேன்.

காலையிலிருந்து ஏச்சுத்தான் வருகிறது. பலமான ஏச்சு இரண்டை எடுத்து மேலேயே போட்டிருக்கிறேன்.

நாவலப்பிட்டி டீச்சர்

வாசித்தேன் தம்பி. அம்மாவிடம் சொன்னீர்களா?

கொட்டகலைக்காரன்

சொன்னேன் டீச்சர். வேலை முடிந்து வந்து கால் கழுவிவிட்டு அடுப்படியில் உட்கார்ந்தார். முழுவதையும் வாசித்துக் காட்டினேன். குறுக்கே பேசவில்லை. முடிந்த பிறகு தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டே, "நாலாம் நம்பர் மலைன்னு எழுதியிருக்க. அது ஏழாம் நம்பர். நாலாம் நம்பர அந்த வருசம் கவ்வாத்து வெட்டி விட்டிருந்தாங்க, அங்க கொழுந்தே கெடையாது. அதத் திருத்து" என்றார்.

திருத்திவிட்டேன். நாலு என்று எழுதியதை அழிக்கவில்லை, பக்கத்தில் ஏழு என்று போட்டிருக்கிறேன்.